சூடு எங்கே தேங்குகிறது? – ஒன்பதாம் வகுப்பு வெப்பப் பாடமும் ஒரு பழைய கணினியும்

ஒன்பதாம் வகுப்பில் வெப்பம் பாடம் நடத்துகிறவர்களுக்கு இது தெரிந்த சங்கதிதான். கடத்தல், சலனம், கதிர்வீச்சு என்று மூன்றையும் மாணவர்கள் மூச்சுவிடாமல் ஒப்பித்துவிடுவார்கள். தோசைத் திருப்பிக்கு ஏன் மரக் கைப்பிடி என்று கேட்டால் அதற்கும் விடை வரும். "நன்றாகக் கடத்தும் இரண்டு உலோகங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால், கீழே உள்ள சூடு அப்படியே மேலே போய்விடுமா?" என்று கேட்டுப் பாருங்கள். வகுப்பு முழுவதும் ஒரே குரலில் "போயிடும் டீச்சர்" என்று சொல்லும். உலோகத்தைப் பற்றிப் படித்திருக்கிறார்கள். இரண்டு உலோகங்கள் சந்திக்கும் இடத்தைப் பற்றிப் படித்ததில்லை. அந்தச் சந்திப்பைப் பற்றியதே இக்கட்டுரை.

நான் பணிபுரியும் பள்ளி இராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையில் இருக்கிறது. எங்களிடம் முன்னாள் மாணவர் ஒருவர் அன்பளிப்பாகத் தந்த மேசைக் கணினி ஒன்று உண்டு. இன்டெல் நான்காம் தலைமுறை ஐ3 பிராசசர், 3.4 கிகாஹெர்ட்ஸ், 54 வாட். ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு ஒளிவீழ்த்தியில் காணொளி காட்ட, கணினி மன்றப் பிள்ளைகள் தமிழ்த் தட்டச்சு பழக, எல்லாவற்றுக்கும் அந்த ஒன்றுதான். உயர் தொழில்நுட்ப ஆய்வகம் இருந்தாலும் அதன் கால அட்டவணையில் எல்லா வகுப்புக்கும் இடம் கிடைப்பதில்லை என்பது நம் எல்லாருக்கும் தெரியும்.

அந்தக் கணினி டிசம்பர் முதல் பாடத்தின் நடுவில் மெதுவாகி, சில நாட்களில் தானாகவே அணையத் தொடங்கியது. நகரில் ஒரு பழுதுபார்ப்புக் கடைக்குக் கொடுத்தோம். தூசி தட்டி, தெர்மல் பேஸ்ட் மாற்றித் தந்தார்கள். திரும்பி வந்த கணினி முன்னைவிட அதிகமாகச் சூடானது. மறுபடி கேட்டபோது, "பிராசசரே போயிருச்சு மேடம், போர்டோட மாத்தணும், பதினாலாயிரம் ஆகும்" என்றார்கள். பத்து நாளில் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம். பதினான்கு ஆயிரத்துக்கு ஒப்புதல் கேட்பதா, கணினியைக் கழிவுப் பட்டியலில் சேர்ப்பதா என்று தலைமையாசிரியர் என்னிடம் கேட்டார். அந்தத் தொகையில் பெண் பிள்ளைகள் கழிப்பறைக்குத் தண்ணீர்த் தொட்டி வைக்கலாம் என்று குழு ஏற்கெனவே பேசியிருந்தது. வெப்பப் பாடம் நடந்துகொண்டிருந்த வாரம் அது. பத்து நாள் அவகாசம் கேட்டேன்.

பசை எதற்கு?

பிராசசரின் மேல்மூடி பார்வைக்கு வழுவழுப்பாக இருக்கும். அதன்மேல் அமரும் ஹீட் சிங்க்கின் அடிப்பாகமும் அப்படியே. நுண்ணோக்கியில் பார்த்தால் இரண்டும் மேடு பள்ளமாகத்தான் இருக்கும். ஒன்றன்மேல் ஒன்று வைக்கும்போது மேடுகள் மட்டுமே தொட்டுக்கொள்கின்றன. பள்ளங்களில் காற்று தங்குகிறது.

இங்கே ஒரு சிறு பட்டியலைக் கரும்பலகையில் எழுதுவது நல்லது. வெப்பக் கடத்துத்திறன், வாட்/மீட்டர் கெல்வின் அலகில்: செம்பு ஏறத்தாழ 400, அலுமினியம் 237, எவர்சில்வர் 16, நீர் 0.6, காற்று 0.026. செம்புக்கும் காற்றுக்கும் பதினையாயிரம் மடங்கு வேறுபாடு. தெர்மல் பேஸ்ட் எங்கே வரும் என்று ஊகிக்கச் சொல்லுங்கள். என் வகுப்பில் பெரும்பாலானோர் செம்புக்கும் மேலே வைத்தார்கள். உண்மையில் கடையில் கிடைக்கும் சாதாரணப் பசை 1 முதல் 8 வரைதான். சிலிக்கோன் எண்ணெயில் துத்தநாக ஆக்சைடு அல்லது அலுமினியம் ஆக்சைடு தூளைக் குழைத்தது. துத்தநாக ஆக்சைடு, உடம்பு அரிப்புக்குத் தடவும் காலமைன் களிம்பில் இருக்கும் அதே பொருள்தான்.

பசை நல்ல கடத்தி அல்ல என்றதும் வகுப்பு திகைத்தது. உலோகத்தோடு ஒப்பிட்டால் மோசம். காற்றோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ நாற்பது முதல் முந்நூறு மடங்கு வரை நல்லது. அதன் வேலை காற்றை வெளியேற்றிவிட்டுப் பள்ளங்களில் தான் அமர்வது மட்டுமே. உலோகம் உலோகத்தைத் தொடும் இடத்தில் அதற்கு வேலையே இல்லை. அங்கே இருந்தால் இடைஞ்சல். இந்த ஒரு கருத்து பிடிபட்டால், பேஸ்ட் மாற்றிய பிறகு சூடு ஏன் கூடுகிறது என்பதில் பாதி விளங்கிவிடும்.

ஸ்ரீவில்லிபுத்தூர் மாணவி ஒருத்தி, வீட்டில் பால்கோவா கிண்டும் தொழில், இதை என்னைவிட நன்றாகச் சொன்னாள். "துடுப்பை நிறுத்தினா அடிப்பிடிச்சிரும் டீச்சர். அடிப்பிடிச்சிட்டா அப்புறம் எவ்வளவு தீ வச்சாலும் மேல இருக்கிற பாலுக்கு ஏறாது. சட்டிதான் கருகும்." அடிப்பிடித்த படலம் மெல்லியதுதான், ஆனால் தீக்கும் பாலுக்கும் நடுவே அது நிற்கிறது. கருகும் சட்டியின் இடத்தில் பிராசசரை வைத்துப் பார்க்கச் சொன்னேன். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவாவை இயற்பியல் பாடத்துக்கு இழுத்துவந்த பெருமை அவளுக்கே.

கணக்கில் பார்த்தால்

பூரியே 1822-இல் வெளியிட்ட நூலில் சொன்ன விதியை எளிமையாக இப்படி எழுதலாம்: வெப்பநிலை வேறுபாடு = (வெப்ப ஓட்டம் × தடிமன்) ÷ (கடத்துத்திறன் × பரப்பு). ஓம் விதி தெரிந்த பிள்ளைகளுக்கு இது புதிதல்ல. மின்னழுத்த வேறுபாட்டின் இடத்தில் வெப்பநிலை வேறுபாடு, மின்னோட்டத்தின் இடத்தில் வெப்ப ஓட்டம், நடுவில் ஒரு தடை.

பிராசசர் மூடி ஏறத்தாழ 3 செ.மீ × 3 செ.மீ, அதாவது 0.0009 சதுர மீட்டர். வெப்பம் 54 வாட். மூன்று கணக்குகளைக் கொடுத்தேன்.

பசை 0.05 மி.மீ. தடிமன், கடத்துத்திறன் 4 என்றால் வேறுபாடு 0.75 டிகிரி. ஒரு டிகிரிகூட இல்லை.

மலிவான பசை, கடத்துத்திறன் 1, அதை அரை மில்லிமீட்டர் கனத்துக்கு அப்பினால் 30 டிகிரி.

பசையே இல்லாமல் 0.1 மி.மீ. காற்று இடைவெளி மட்டும் இருந்தால் 230 டிகிரி. அந்த அளவுக்குப் போகும் முன்பே பிராசசர் தன்னைத் தானே அணைத்துக்கொள்ளும்.

மூன்றாவது விடையைக் கண்டு ஒரு மாணவன், "0.1 மி.மீ.ன்னா ஒரு காகிதம் கனம்தானே" என்று நோட்டுத்தாளைத் தூக்கிக் காட்டினான். அந்தத் தாளை அப்படியே மேசைமேல் வைத்துவிட்டோம். பின்னால் அது பயன்பட்டது.

பரப்பு முழுவதும் வெப்பம் சீராகப் பரவுகிறது என்று கொண்டே இக்கணக்கு. உள்ளே இருக்கும் சிலிக்கான் சில்லு மூடியைவிடச் சிறியது என்பதால் நடு இடத்தில் வேறுபாடு சற்றுக் கூடும். ஒன்பதாம் வகுப்புக்கு இந்த அளவு போதும்.

ஐஸ் கட்டியும் கண்ணாடிச் சில்லும்

கணக்கோடு நிறுத்தினால் பாதிப் பேர் காணாமல் போய்விடுவார்கள். பழைய கணினிப் பெட்டியிலிருந்து கழற்றிய இரண்டு ஹீட் சிங்க்குகளைத் தலைகீழாக, தட்டைப் பக்கம் மேலாக வைத்தோம். ஒன்றின்மேல் நேரடியாக ஒரு ஐஸ் கட்டி. மற்றதன்மேல் பாலித்தீன் உறையில் போட்ட அட்டைத் துண்டு, அதன்மேல் ஐஸ் கட்டி. பக்கத்தில் மரப் பலகைமேல் மூன்றாவது. மூன்றையும் தொட்டுப் பார்க்கச் சொன்னால், எல்லாம் ஒரே அறையில் இருந்தும் அலுமினியம்தான் 'சில்லென்று' இருக்கிறது என்பார்கள். ஆகவே ஐஸ் அதில்தான் மெதுவாக உருகும் என்று பந்தயம் கட்டுவார்கள். நடப்பது நேர்மாறு: அலுமினியத்தின்மேல் உள்ளது கண்ணெதிரே கரைகிறது. அட்டை வைத்தது மரப்பலகையோடு சேர்ந்து பின்தங்குகிறது. அதே அலுமினியம்தான், நடுவில் ஓர் அட்டை மட்டுமே கூடுதல்.

இன்னொன்றும் கவனிக்கச் சொன்னேன். ஐஸ் கட்டி உருகத் தொடங்கியதும் அடியில் நீர்ப் படலம் உண்டாகிறது. காற்றை வெளியேற்றிவிட்டு அந்த நீர் இடத்தை நிரப்புகிறது. தன் பசையைத் தானே போட்டுக்கொள்கிறது ஐஸ்.

அடுத்து, ஆய்வகக் கண்ணாடிச் சில்லுகள் இரண்டு. ஒன்றின் நடுவில் பட்டாணியில் பாதி அளவு பசை. மற்றதை மேலே வைத்து நேராக அழுத்தினால் பசை வட்டமாகப் பரவி, மெல்லிய படலமாகி, அதற்குமேல் மெலியாமல் நிற்பது தெரியும். மறுமுறை ஒரு மூலையில் அந்த நோட்டுத்தாளை நான்காக மடித்துச் செருகி அழுத்தச் சொன்னேன். பசை ஒரு பக்கமாக ஒதுங்கியது. தாள் இருந்த பக்கம் ஆப்பு வடிவில் வெற்றிடம். "ஒரு மூலை தூக்கினா நடுவும் தூக்குது" என்று பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது. கணினியின் கோளாறை அவன் அப்போதே சொல்லிவிட்டான்; அது எங்கள் இருவருக்கும் தெரியாது.

அளந்து பார்த்தோம்

எங்கள் கணினி மன்றத்துக்கு ஒரு நோட்டு உண்டு. கணினி அணையத் தொடங்கிய நாளிலிருந்து தேதி, அறை வெப்பநிலை, பிராசசர் வெப்பநிலை, வேகம் நான்கையும் பிள்ளைகள் எழுதிவந்தார்கள். பிராசசரின் உள்ளேயே வெப்ப உணரி இருக்கிறது. லினக்ஸில், நம் மடிக்கணினிகளில் வந்த பாஸ் லினக்ஸ் உட்பட, எல்எம்-சென்சார்ஸ் என்னும் சிறு தொகுப்பை நிறுவி, டெர்மினலில் சென்சார்ஸ் என்று கட்டளை கொடுத்தால் எண் வந்துவிடும். விண்டோஸில் கோர் டெம்ப் போன்ற இலவச மென்பொருள் போதும். எதுவும் இல்லையென்றால் பயாஸ் திரையிலேயே காட்டும்; ஆனால் அங்கே வேலைப்பளு இல்லாத அளவு மட்டுமே தெரியும்.

கடைக்குப் போகும் முன் (அறை 30 டிகிரி): சும்மா இருக்கும்போது 57, ஒரே நேரத்தில் நான்கு காணொளி ஓட்டினால் 88. கடையிலிருந்து வந்த பின் (அறை 31): சும்மா இருக்கும்போது 68, அதே நான்கு காணொளிக்கு மூன்றே நிமிடத்தில் 99.

அறை வெப்பநிலையைக் குறிக்காமல் பிராசசர் எண்ணை மட்டும் ஒப்பிடக் கூடாது. நம் பகுதியில் மார்கழிக் காலைக்கும் சித்திரை மதியத்துக்கும் பத்து டிகிரிக்கு மேல் வேறுபாடு வரும். அது அப்படியே பிராசசர்மேல் ஏறும். ஆகவே அறையைவிட எவ்வளவு கூடுதல் என்றே பார்க்க வேண்டும்: முன்பு 58, இப்போது 68.

நோட்டில் இருந்த வேகம் என்னும் நிரல்தான் அதைவிட முக்கியம். 99 டிகிரியில் பிராசசர் 3.4 கிகாஹெர்ட்ஸில் ஓடவில்லை, 1.2-க்கு இறங்கியிருந்தது. இந்தத் தலைமுறைப் பிராசசர்கள் 100 டிகிரியை நெருங்கும்போது வேகத்தைக் குறைத்து வெப்பத்தைக் குறைத்துக்கொள்கின்றன. அதனால் வெப்பநிலை எண்ணை மட்டும் பார்ப்பவர் ஏமாந்துபோவார். பசை மாற்றிய பிறகும் அதே 90 டிகிரி என்று ஒருவர் குறைபட்டுக்கொள்ளலாம். முன்பு அரை வேகத்தில் 90, இப்போது முழு வேகத்தில் 90 என்றால் நிலைமை முன்னேறியிருக்கிறது என்றே பொருள்.

"புதுப் பசை செட் ஆக நாளாகும், அப்புறம் இறங்கிடும்" என்றும் எங்களுக்கு ஓர் ஆலோசனை வந்தது. சில பசைகள் சில நாள் சூடாகி ஆறியபின் ஓரிரு டிகிரி நன்றாவது உண்மை. அறையைவிட 68 டிகிரி கூடுதலாக நிற்கும் கணினி அதனால் சரியாகாது.

தடை எந்தப் பக்கம்?

வெப்பம் பிராசசரிலிருந்து காற்றுக்குப் போக இரண்டு கட்டங்கள். பிராசசரிலிருந்து ஹீட் சிங்க்குக்குக் கடத்தல். ஹீட் சிங்க்கிலிருந்து காற்றுக்குச் சலனம், விசிறியின் துணையோடு. எந்தக் கட்டத்தில் அடைப்பு என்று கண்டுபிடிக்க ஹீட் சிங்க்கின் வெப்பநிலை தெரிந்தால் போதும். பிராசசரும் சூடு, ஹீட் சிங்க்கும் கொதிக்கிறது என்றால் விசிறியோ தூசியோ காரணம். பிராசசர் சூடு, ஹீட் சிங்க் மட்டும் மிதமான சூடு என்றால் இரண்டுக்கும் நடுவே கோளாறு.

கொரோனா காலத்தில் நெற்றியில் காட்டி அளந்த அகச்சிவப்பு வெப்பமானி பல பள்ளிகளில் இன்னும் அலமாரியில் இருக்கும். பொருள்களின் மேற்பரப்பை அளக்கும் முறைக்கு மாற்ற முடிந்தால் அது இதற்கு உதவும். ஆனால் பளபளக்கும் அலுமினியத்தில் நேராகக் காட்டினால் குறைத்துச் சொல்லும். பளபளப்பான பரப்பு குறைவாகவே கதிர்வீசும் என்று நாம் பாடத்தில் சொல்வதுதான். கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி, அதன்மேல் அளக்க வேண்டும். கதிர்வீச்சுப் பாடத்துக்கு வேறு செய்முறை தேடவேண்டியதில்லை.

விசிறியை பயாஸில் முழு வேகத்தில் நிறுத்திவிட்டு அளந்தோம். பிராசசர் 99. ஹீட் சிங்க் 41. நடுவே 58 டிகிரி வேறுபாடு.

"சூடு கடக்கவே இல்ல டீச்சர்" என்றார்கள். இங்கே அவசரப்படாமல் நிற்க வேண்டும். ஏனென்றால் இது சரியல்ல. எண்கள் ஏறாமல் இறங்காமல் நின்றுவிட்ட நிலையில், உண்டாகும் வெப்பம் முழுவதும் கடந்துகொண்டுதான் இருக்கிறது. இல்லாவிட்டால் பிராசசர் வெப்பநிலை ஏறிக்கொண்டே போயிருக்கும். குறுகலான வாய்க்காலிலும் தண்ணீர் போகும். அதே அளவு போக மேல்மடையில் நீர்மட்டம் உயர வேண்டும், அவ்வளவே. 58 டிகிரி என்பது அந்த உயர்ந்த நீர்மட்டம். அப்படியானால் ஹீட் சிங்க் ஏன் இவ்வளவு குளிர்ந்திருக்கிறது? பிராசசர் வேகத்தைக் குறைத்துக்கொண்டதால் உண்டாகும் வெப்பமே குறைவு. ஹீட் சிங்க் அறையைவிட 10 டிகிரி மட்டுமே கூடியிருக்கிறது. விசிறி ஒரே வேகத்தில் இருக்கும்வரை அந்த 10 டிகிரியையே வெப்ப ஓட்டத்தின் அளவுகோலாகக் கொள்ளலாம். இந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

திறந்து பார்த்தோம்

ஓர் எச்சரிக்கை. உயர் தொழில்நுட்ப ஆய்வகக் கணினிகள், உத்தரவாதக் காலத்தில் உள்ளவை, பராமரிப்பு ஒப்பந்தத்தில் உள்ளவை எதையும் நாம் திறக்கக் கூடாது. புகார் பதிவதே முறை. எங்களுடையது அன்பளிப்பாக வந்து, இருப்புப் பதிவேட்டில் ஏறி, உத்தரவாதம் முடிந்த கணினி. தலைமையாசிரியரிடம் எழுத்தில் அனுமதி பெற்றே திறந்தேன். மின்இணைப்பைப் பிடுங்கி, பவர் பொத்தானைச் சில நொடி அழுத்தி, மீந்த மின்சாரம் வடிந்த பிறகு, பெட்டியின் உலோகத்தைத் தொட்டு உடம்பின் நிலைமின்னையும் இறக்கியாயிற்று. கழற்றுவது ஆசிரியர், பார்ப்பதும் எழுதுவதும் மாணவர். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை யாரும் திறப்பதில்லை.

இன்டெல் பெட்டியோடு வரும் விசிறி நான்கு பிளாஸ்டிக் ஊசிகளால் மதர்போர்டில் நிற்கும். தலையில் உள்ள அம்புக்குறித் திசையில் கால் சுற்றுத் திருப்பினால் பூட்டு விடும். பூட்டும்போது எதிர்த்திசையில் திருப்பி நிறுத்தி, 'டக்' என்ற சத்தம் வரும்வரை அழுத்த வேண்டும். மேலிருந்து பார்த்தால் நான்கும் அமர்ந்ததுபோலவே தெரிந்தது. மதர்போர்டின் பின்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தபோது மூன்று துளைகளில் வெள்ளைக் கால்கள் விரிந்து நடுவே கறுப்பு ஊசி நீட்டிக்கொண்டிருந்தது. நான்காவதில் வெள்ளைக் கால் மட்டும் எட்டிப்பார்த்தது. கறுப்பு ஊசி இறங்கவே இல்லை.

பின் பெஞ்சு மாணவனைப் பார்த்தேன். அவன் அந்த நோட்டுத்தாளைத் தேடிக்கொண்டிருந்தான்.

ஹீட் சிங்க்கைக் கழற்றியதும் இரண்டாவது காரணமும் தெரிந்தது. பழைய சாம்பல் நிறப் பசை சுரண்டப்படாமல் காய்ந்து கிடக்க, அதன்மேலேயே வெள்ளைப் பசை வழிய வழியத் தடவப்பட்டிருந்தது. பசை ஒரு பக்கம் கனமாக ஒதுங்கியிருந்தது, கண்ணாடிச் சில்லில் பார்த்தது போலவே. ஒரு நாளைக்கு எத்தனையோ கணினி பார்க்கும் இடத்தில் இது நடக்கக்கூடியதுதான். நின்று அளக்க அவர்களுக்கு நேரமில்லை, நமக்கு ஒரு பாடவேளை இருக்கிறது.

கழற்றும்போது ஒன்று கவனிக்க வேண்டும். பசை இறுகியிருந்தால் நேராக மேலே இழுக்கக் கூடாது. மெல்ல இடம் வலமாகத் திருப்பி விடுவிக்க வேண்டும். ஊசிக்கால் உள்ள பழைய ஏ.எம்.டி. பிராசசர்கள் ஹீட் சிங்க்கோடு ஒட்டிக்கொண்டு சாக்கெட்டை விட்டே வந்துவிடும். ஐந்து நிமிடம் கணினியை ஓட்டிச் சூடாக்கிவிட்டுக் கழற்றினால் பசை இளகிக் கொடுக்கும்.

துடைக்க ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வேண்டும். எங்கள் பக்கம் சத்திரப்பட்டியில் நெய்யும் பேண்டேஜ் துணி எந்த வீட்டிலும் கிடைக்கும் என்பதால் பிள்ளைகள் அதைக் கொண்டுவந்தார்கள். காயத்துக்கு அது சிறந்தது, இதற்கு ஆகாது. நூல் பிரிந்து பிசிறு ஒட்டும். ஒரு பஞ்சிழையும் கனம்தானே. மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணியால் இரண்டு பரப்பும் முகம் தெரியும் அளவுக்குத் துடைத்தோம். நூற்பாலை ஊர் என்பதால் ஹீட் சிங்க்கின் இதழ்களுக்கும் விசிறிக்கும் நடுவே மெத்தை மாதிரி பஞ்சு படிந்திருக்கும் என்று எதிர்பார்த்தேன். அந்த வேலையைக் கடையில் நன்றாகவே செய்திருந்தார்கள்.

நடுவில் பட்டாணியில் பாதி அளவு புதுப் பசை. விரலால் தேய்த்துப் பரப்பவில்லை. பரப்பினால் குமிழ் சிக்கும், அழுத்தமே பரப்பிக்கொள்ளும். ஹீட் சிங்க்கை நேராக இறக்கி, எதிரெதிர் மூலைகளாக ஊசிகளை அழுத்தினேன். நான்கு 'டக்' சத்தத்தையும் வகுப்பு எண்ணியது. பின்பக்கம் டார்ச் அடித்து நான்கு கறுப்பு ஊசியையும் ஒரு மாணவி எண்ணிச் சொன்னாள். விசிறி வயரை சிபியு ஃபேன் என்று எழுதிய முனையில் மாட்டினோம். வேறு முனையில் மாட்டினால் விசிறி சுற்றும், ஆனால் பிராசசர் சூட்டுக்கேற்ப வேகம் மாறாமல் போகலாம்.

மறுபடி அளந்தோம்

அறை 32. சும்மா இருக்கும்போது 45. நான்கு காணொளி, முழு வேக விசிறி, பன்னிரண்டு நிமிடம்: 69-இல் நின்றது. வேகம் 3.4 கிகாஹெர்ட்ஸ், இறங்கவே இல்லை.

ஹீட் சிங்க் 52.

வகுப்பு குழம்பியது. சரிசெய்த பிறகு ஹீட் சிங்க் முன்னைவிட 11 டிகிரி சூடு! "கெட்டுப்போச்சா டீச்சர்?" குறித்துவைத்த எண்ணை எடுக்கச் சொன்னேன். முன்பு ஹீட் சிங்க் அறையைவிட 10 கூடுதல். இப்போது 20 கூடுதல். அதாவது வெப்ப ஓட்டம் இரு மடங்கு. பிராசசர் முழு வேலை செய்கிறது. அவ்வளவு வெப்பத்தையும் கடத்த இணைப்புக்கு இப்போது வேண்டியது 69 கழித்தல் 52, வெறும் 17 டிகிரி. முன்பு பாதி வெப்பத்துக்கே 58 டிகிரி தேவைப்பட்டது. 58-ஐ 10-ஆல் வகுத்தால் 5.8, 17-ஐ 20-ஆல் வகுத்தால் 0.85. இணைப்பின் தடை ஏறத்தாழ ஏழில் ஒரு பங்காகிவிட்டது. இந்த வகுத்தலை என் உதவியில்லாமல் செய்தவர்கள் பதினோரு பேர். ஓம் விதிக் கணக்கை வழக்கமாகத் தவறவிடும் இருவரும் அதில் அடக்கம்.

செலவு: பசை 120 ரூபாய், ஆல்கஹால் 90 ரூபாய். மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் மூன்று மாணவர்கள் தங்கள் வரைபடத்தைக் காட்டிப் பேசினார்கள். பதினான்கு ஆயிரம் தண்ணீர்த் தொட்டிக்குப் போனது.

மடிக்கணினி வைத்திருக்கும் ஆசிரியர்கள் கேட்பார்கள் என்பதால் ஒரு வார்த்தை. அங்கே நான்கு திருகாணிகளுக்குப் பக்கத்தில் 1, 2, 3, 4 என்று எண் பொறித்திருக்கும். அந்த வரிசையில் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். பக்கத்துச் சில்லுகளின்மேல் மெத்தை போன்ற தெர்மல் பேட் ஒட்டியிருக்கும். அது கிழிந்ததென்று கூடுதல் கனமுள்ள ஒன்றை ஒட்டினால் ஹீட் சிங்க் பிராசசரை விட்டுத் தூக்கிக்கொள்ளும். பேஸ்ட் மாற்றிய பிறகு மடிக்கணினி சூடானால் முதலில் இதைப் பார்க்கலாம். புதிய ஹீட் சிங்க் வாங்கினால் அதன் அடியில் ஒட்டியுள்ள மெல்லிய பிளாஸ்டிக் தாளை உரிக்க வேண்டும். காலியம் கலந்த திரவ உலோகப் பசை என்று ஒன்று விற்கிறது. அது மின்சாரத்தையும் கடத்தும், அலுமினியத்தையும் அரித்துவிடும். பள்ளிக்கு வேண்டாம்.

பாடம் முடிந்தபின் ஒரு மாணவி கேட்டாள்: "எதுக்கு டீச்சர் பசை? பத்த வச்சு ஒட்டிட்டா இடைவெளியே இருக்காதுல்ல?" நல்ல கேள்வி. மூடிக்கும் உள்ளே இருக்கும் சிலிக்கான் சில்லுக்கும் நடுவில் இன்னோர் இணைப்பு உண்டு என்று சொன்னேன். இரண்டாம் தலைமுறைப் பிராசசர்களில் அந்த உள் இணைப்பை இன்டெல் உலோகத்தால் பற்றவைத்திருந்தது. 2012-இல் வந்த மூன்றாம் தலைமுறையிலிருந்து நம்முடையது போன்ற மேசைக் கணினிப் பிராசசர்களில் அங்கேயும் பசைதான். அப்படியானால் நாம் அளந்த 17 டிகிரியில் வெளிப்பசைக்கு ஒரு டிகிரிதானே கணக்கில் வந்தது, மீதி 16 எங்கே போனது என்று அவளே கேட்டாள். அதைத்தான் அடுத்த வாரத்துக்கு வீட்டுப்பாடமாகக் கொடுத்திருக்கிறேன்.